சந்தேகத்துக்குத்தான் சார் தள்ளுபடி!

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் 'வீடு விற்பனைக்கு' விளம்பரங்களைப் படிப்பது ஒரு தனி சுகம். 'ரயில் நிலையம் 5 நிமிடம்' என்றால், நீங்கள் பி.டி. உஷாவாக இருக்க வேண்டும். 'அமைதியான சூழல்' என்றால் பஸ் கிடையாது. 'நல்ல காற்றோட்டம்' என்றால் ஜன்னல் கதவு மூடாது. 'அவசர விற்பனை' என்றால் ஆறு மாதமாக இதே விளம்பரம் வந்துகொண்டிருக்கிறது. 'விலை நேரில்' என்றால், சொல்ல அவருக்கே கூச்சமாக இருக்கிறது.

சிரிக்கலாம். நாமே விளம்பரம் கொடுக்க வேண்டிய நாள் வரும்வரை!

அந்த நாள் எல்லார் வீட்டிலும் ஒருநாள் வரும். அப்பா பி.எஃப். பணத்தைப் போட்டு மடிப்பாக்கத்திலோ குரோம்பேட்டையிலோ வாங்கிய ஃபிளாட். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அம்மாவுக்கு முழங்கால் வலி. "இதை வித்துட்டு கீழ் வீடா பார்க்கலாம்டா" என்று டிபன் சாப்பிடும்போது தீர்மானம் நிறைவேறும். அலையப் போவது யார்? ஆபீஸில் லீவு மிச்சம் வைத்திருக்கும் நீங்கள்தான்.

போட்டியைப் பாருங்கள். உங்கள் தெருவிலேயே நாலு கேட்டில் 'விற்பனைக்கு' போர்டு தொங்குகிறது. தெருக்கோடியில் புதுக் கட்டடம். அங்கே மாடல் ஃபிளாட்டில் ஏ.சி. போட்டு, ஜூஸ் கொடுத்து, டை கட்டிய தம்பி ஒருவர் "வாங்க சார், வாங்க மேடம்" என்கிறார். உங்கள் பில்டிங்கில் வரவேற்பதற்கு இருப்பது மாடிப்படியில் படுத்திருக்கும் நாய் மட்டும்தான். அதுவும் எழுந்திருக்காது.

உடனே நாம் என்ன செய்கிறோம்? பெயின்டருக்குப் போன் போடுகிறோம். பெயின்ட் அடிப்பது தப்பே இல்லை. அதை முதல் வேலையாகச் செய்வதுதான் தப்பு.

ஏன் என்று சொல்கிறேன். வாங்க வருகிறவர் இருபது வருஷக் கடனில் கழுத்தைக் கொடுக்கப் போகிறவர். அவர் உங்கள் வீட்டை ரசிக்க வரவில்லை, பயப்படக் காரணம் தேடி வருகிறார். பாத்ரூம் சுவரில் ஒரு கறையைப் பார்த்தால் வாயைத் திறக்க மாட்டார். மனசுக்குள் 2 லட்சத்தைக் கழித்துவிடுவார். பிளம்பர் வந்து சரி செய்தால் சில ஆயிரத்தில் முடிகிற வேலையாக இருக்கலாம். ஆனால் அது அவருக்குத் தெரியாது. தெரியாததற்குத்தான் ஜனங்கள் அதிகமாகக் கழிப்பார்கள். ஆகவே, வீட்டை விற்கத் தயார் செய்வது என்றால் அழகுபடுத்துவது அல்ல. வருகிறவரின் சந்தேகங்களை, அவர் கேட்பதற்கு முன்பே, ஒவ்வொன்றாகத் தீர்த்து வைப்பது. அவ்வளவுதான் விஷயம்.

பெயின்டருக்கு முன் வக்கீல்

பி.காம். படித்த பாவத்துக்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுவிடுகிறேன். உங்கள் ஃபிளாட் 72 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி, சொத்து மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக்கூடாது. மீதி 14 லட்சத்து 40 ஆயிரம் அவர் கையிலிருந்து வர வேண்டும். அதோடு தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 9 சதவீதம், 6 லட்சத்து 48 ஆயிரம். இதை வங்கி கடன் கணக்கில் சேர்க்காது. மொத்தம் சுமார் 21 லட்சம் ரொக்கமாகச் சேமித்து வைத்திருப்பவர்தான் உங்கள் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். மனைவி நகையும் அதில் சேர்த்தி.

இப்போது கவனியுங்கள். 80 சதவீதப் பணத்தைப் போடுவது வங்கி. வங்கி உங்கள் டைல்ஸைப் பார்க்காது. வங்கியின் வக்கீல் உங்கள் பத்திரத்தைப் பார்ப்பார். அவர் உதட்டைப் பிதுக்கினால் மாதச் சம்பளக்காரர் அத்தனை பேரும் லைனிலிருந்து கழன்றுவிடுவார்கள். மிச்சம் இருப்பது மொத்தப் பணத்தோடு வருகிற பார்ட்டி. அவருக்குப் போட்டி கிடையாது என்பது அவருக்கே தெரியும். அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்.

ஆகவே முதலில் ஒரு ஃபைல் போடுங்கள். கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்கள், 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று, பட்டா, அப்ரூவல் ஆன பிளான், சொத்து வரி, குடிநீர் வரி, கரன்ட் பில் ரசீதுகள், அசோசியேஷனில் பாக்கி இல்லை என்று ஒரு கடிதம். வில்லங்கத்தைப் பதிவுத்துறை வெப்சைட்டில் காசு கொடுக்காமலே பார்க்கலாம். வாங்குகிறவர் பார்ப்பதற்கு முன் நீங்கள் பார்த்துவிடுங்கள். நம் வீட்டைப் பற்றி நமக்கே தெரியாத சமாச்சாரம் அதில் இருக்கும்.

அப்படி அடிக்கடி மாட்டுகிற ஒன்று, எம்.ஓ.டி. வீட்டுக் கடன் வாங்கியபோது பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததாகப் பதிவு செய்திருப்பீர்கள். கடனை அடைத்து, ஸ்வீட் சாப்பிட்டு, பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டியாயிற்று. ஆனால் வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் அப்படியே உட்கார்ந்திருக்கும்! வங்கி அதிகாரி வந்து ரசீது ஆவணம் பதிவு செய்து கொடுத்தால்தான் கணக்கு தீர்ந்தது என்று பதிவாகும். கடன் இப்போதுதான் முடிகிறது என்றால் இன்னொரு விஷயம். முழுக் கடனும் அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று 2023-ல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. மேனேஜரிடம் சண்டை போட வேண்டாம். இதைச் சிரித்துக்கொண்டே ஞாபகப்படுத்தினால் போதும்.

"கேட்டிருந்தா போட்டிருப்பேனே!"

அடுத்தது, பேப்பரில் இல்லாத வில்லங்கம்.

மேற்கு மாம்பலம் நண்பர் ஒருவர். அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அண்ணன், தம்பி இருவரும் பேசி ஃபிளாட்டை விற்க முடிவு செய்து, பார்ட்டி பிடித்து, அட்வான்ஸும் வாங்கியாயிற்று. பார்ட்டியின் வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வாரிசுச் சான்றிதழ்ல ஒரு பொண்ணு பேர் இருக்கே, அவங்க எங்கே?"

அவர் திருச்சியில் இருக்கிறார். கல்யாணம் ஆகி பதினைந்து வருஷம். "அவளுக்குத்தான் சீர் செஞ்சு அனுப்பியாச்சே" என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் சுயசம்பாத்திய சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. இது 1956-லிருந்தே இருக்கிற சட்டம். இறந்தவரின் அம்மா, அதாவது உங்கள் பாட்டி, உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

இரண்டு பேரும் பேப்பரை எடுத்துக்கொண்டு திருச்சிக்கு ஓடினார்கள். தங்கை காபி கொடுத்துவிட்டுக் கேட்டாராம்: "வீட்டை விக்கப் போறோம்னு முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருந்தா போட்டிருப்பேனே அண்ணா! பார்ட்டி பிடிச்சு, பணமும் வாங்கிட்டு, இப்ப கையெழுத்துக்கு மட்டும் வர்றீங்களே..."

பணத்துக்காக அவர் பேசவில்லை. பிறந்த வீட்டில் தன்னை ஓர் ஆளாக நினைக்கவில்லையே என்கிற வருத்தம். சமாதானமாகிக் கையெழுத்து வாங்க ஏழு மாதம். அதற்குள் பார்ட்டி அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் பால் காய்ச்சிவிட்டார். அடுத்து வந்தவர் 4 லட்சம் குறைத்துத்தான் வாங்கினார். ஏழு மாத மெயின்டனன்ஸ் தனி.

ஆகவே, வீட்டை விற்கிற யோசனை வந்த அன்றே முதல் போன் புரோக்கருக்கு அல்ல, அக்கா தங்கைக்கு. அது சட்டத்துக்கும் நல்லது, தீபாவளிக்கும் நல்லது.

கை வைத்துப் பார்க்கிற சுவர்

சரி, பேப்பர் ரெடி. இப்போது பெயின்டரைக் கூப்பிடலாமா? இன்னும் இல்லை! பிளம்பர் முதலில். ஓதம் ஏறிய சுவரில் எவ்வளவு உசத்தி பெயின்ட் அடித்தாலும் கொஞ்ச நாளில் அப்பளம் மாதிரி பொரிந்து வரும். பார்க்க வருகிற மாமாக்கள் பேசிக்கொண்டே பாத்ரூம் ஒட்டிய சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்கள். புதுப் பெயின்ட், உள்ளே ஜில்லென்று ஈரம் என்றால் கதை முடிந்தது. 'இதை மறைக்கிறவன் வேறு எதையெல்லாம் மறைச்சிருப்பானோ' என்று அடுத்த கணக்கு ஆரம்பித்துவிடும். ஒரு சந்தேகம் குட்டி போட்டு ஐந்தாகும்.

ஒழுகுகிற குழாய், எரியாத டியூப்லைட், ஆடுகிற ஸ்விட்ச் போர்டு, தாழ்ப்பாள் விழாத பாத்ரூம் கதவு... இந்த நாலையும் சரிசெய்ய ஒரு சனிக்கிழமை போதும். ஆனால் பார்க்கிறவர் மனதில் இவை நாலு பெரிய புள்ளிகள்.

பெரிய செலவு எதுவும் செய்யாதீர்கள். புது மாடுலர் கிச்சன் போட்டு விலையில் ஏற்றிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். வாங்குகிறவரின் மனைவிக்கு வேறு கலர் பிடிக்கும். அடுப்பு அக்கினி மூலையில் இல்லை என்றால் நீங்கள் போட்டதை இடித்துவிட்டு வேறு போடுவார்கள். உங்கள் காசுதான் இடிபடும்.

காசு செலவில்லாத வேலை, காலி செய்வது. பரணில் இருக்கும் உடைந்த ஃபேன், பால்கனியில் பத்து வருஷ வாரப் பத்திரிகைகள் (இந்தப் பத்திரிகையாக இருந்தாலும் பரவாயில்லை, போடுங்கள்!), பார்க்கிங்கில் காற்று போய் நிற்கும் அப்பா ஸ்கூட்டர். ஸ்கூட்டர் போனால்தான் அங்கே ஒரு பார்க்கிங் இருப்பதே தெரியும்.

பார்க்க வரச் சொல்வது காலை பத்து மணி வாக்கில். வெளிச்சம் இருக்கும், கருவாட்டுக் குழம்பு வாசனை இருக்காது. வீட்டில் ஒருவர் மட்டும் பேசினால் போதும். அப்பா ஒரு விலை, பிள்ளை ஒரு விலை சொன்னால் வந்தவர் குறைந்த விலையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வார்.

"2015-ல தண்ணி வந்துச்சா சார்?"

சென்னையில் வீடு பார்க்க வருகிறவர் வாஸ்துவுக்கு முன்பே கேட்கிற கேள்வி இது. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இரண்டையும் பார்த்த ஊர். அடுத்த கேள்வி, 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது போரில் தண்ணீர் இருந்ததா என்பது. முதல் கேள்வி தண்ணீர் வந்ததா, இரண்டாவது தண்ணீர் வரலையா. இதுதான் சென்னை!

இதற்கு நம்மவர்கள் சொல்கிற ஸ்டாண்டர்டு பதில்: "சேச்சே, நம்ம தெருவுல ஒரு சொட்டு நிக்காது சார்." வந்தவர் தலையாட்டிவிட்டுக் கீழே இறங்குவார். இஸ்திரி போடுகிறவரிடம் கேட்பார். அவர் இடுப்பு வரை கையைக் காட்டுவார். போச்சு!

உண்மையைச் சொல்லுங்கள். அளவோடு சொல்லுங்கள். "தெருவுல முழங்கால் அளவு. பார்க்கிங்ல ஒரு அடி. ரெண்டாவது நாள் வடிஞ்சது. அப்புறம் மோட்டாரையும் கரன்ட் மீட்டரையும் மேலே ஏத்திட்டோம், பாருங்க." இப்படிச் சொன்னால் கழிக்கிற தொகைக்கு ஓர் எல்லை வரும். தவிர, நீங்கள் சொல்கிற மற்ற நல்லதையும் அவர் நம்ப ஆரம்பிப்பார். மோட்டார் மேலே ஏறியிருப்பது பெயின்டைவிடப் பெரிய விளம்பரம்.

இது நாணயம் சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. 1882-ம் வருஷத்து சொத்து மாற்றச் சட்டத்திலேயே இருக்கிறது. சாதாரணமாகக் கவனித்துப் பார்த்தாலும் வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாத முக்கியமான குறை, விற்கிறவருக்குத் தெரிந்திருந்தால், அதைச் சொல்லியாக வேண்டும். சொத்திலுள்ள குறைக்கும் இது பொருந்தும், உரிமையிலுள்ள குறைக்கும் பொருந்தும்.

புதுக் கட்டடத்தோடு எப்படி மோதுவது?

ஜூஸ் கொடுத்தெல்லாம் மோத முடியாது. உங்களிடம் இருக்கும் ஆயுதங்கள் வேறு.

முதல் ஆயுதம், யூ.டி.எஸ். அதாவது மனையில் உங்கள் பிரிக்கப்படாத பங்கு. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதில் சம அளவில் நாலே ஃபிளாட் என்றால் ஒவ்வொருவருக்கும் 600 சதுர அடி மண் சொந்தம். பல மாடி அடுக்ககங்களில் பங்கு இதைவிட ரொம்பக் குறைவாக இருப்பது சகஜம். கட்டடம் வருஷா வருஷம் கிழடாகும், மண் கிழடாகாது. பத்திரத்தில் உள்ள யூ.டி.எஸ். அளவை விளம்பரத்திலேயே போடுங்கள்.

இரண்டாவது ஆயுதம், வரி. கட்டிக்கொண்டிருக்கிற புது ஃபிளாட்டுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு (குறைந்த விலை வீட்டுப் பிரிவில் வந்தால் 1 சதவீதம்). பழைய வீட்டுக்குக் கிடையாது. 72 லட்சத்துக்கு 5 சதவீதம் என்றால் 3 லட்சத்து 60 ஆயிரம். வந்தவருக்கு இதைப் பேனா எடுத்துப் போட்டுக் காட்டலாம்.

மூன்றாவது, கட்டி முடிந்த வீடு. இன்று பதிவு, முகூர்த்தம் பார்த்துப் பால் காய்ச்சல். வாடகையும் இ.எம்.ஐ.யும் சேர்த்துக் கட்டுகிறவருக்கு இதன் அருமை தெரியும்.

விலை வைக்கும்போது மட்டும் ஒரு ஜாக்கிரதை. பக்கத்து வீட்டுக்காரர் 'கேட்கிற' விலையை விசாரிக்காதீர்கள். அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், போர்டு தொங்கிக்கொண்டே இருக்கிறது. சமீபத்தில் 'முடிந்த' விலையை இரண்டு புரோக்கரிடம் தனித்தனியாக விசாரியுங்கள். ரொம்ப உசத்தி வைத்து ஆறு மாதம் கிடந்தால், 'இந்த வீட்ல ஏதோ இருக்குடா' என்கிற புதுச் சந்தேகம் வரும். அதற்கும் தள்ளுபடி உண்டு.

பிளாக்கா, ஒயிட்டா?

"பத்திரத்துல கம்மியா போட்டுக்கலாம் சார், மீதியைக் கேஷா வாங்கிக்குங்க." ஏதாவது ஒரு பார்ட்டி சொல்லாமல் இருக்க மாட்டார். கேட்க ஜோராக இருக்கும். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்று 2015 முதல் சட்டம். மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அது யாருக்கு? கொடுத்தவருக்கு அல்ல, வாங்கிய உங்களுக்கு!

நேர் வழியில் வரி எவ்வளவு? 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீடு என்றால் நீண்டகால ஆதாயம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியதாக இருந்தால், இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு இரண்டு வழி. எதில் வரி குறைவோ அது. 2004-05-ல் 12 லட்சத்துக்கு வாங்கியதை 2025-26-ல் 72 லட்சத்துக்கு விற்றதாகக் கொள்வோம்.

வழி ஒன்று: லாபம் 60 லட்சம், வரி 12.5 சதவீதம். 7 லட்சத்து 50 ஆயிரம்.

வழி இரண்டு: விலைவாசிக் குறியீடு 2004-05-ல் 113, 2025-26-ல் 376. அந்த விகிதத்தில் 12 லட்சம் என்பது 39 லட்சத்து 93 ஆயிரமாக உயரும். லாபம் 32 லட்சத்து 7 ஆயிரம். அதில் 20 சதவீதம் சுமார் 6 லட்சத்து 41 ஆயிரம். (செஸ் தனி.)

இரண்டாவது வழியில் ஒரு லட்சத்துக்கு மேல் மிச்சம். புரோக்கர் கமிஷனையும் கழிக்கலாம். அந்த வீட்டை விற்ற பணத்தில் இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கினால் அந்த அளவுக்கு ஆதாயத்துக்கு விலக்கும் உண்டு. அம்மாவுக்குக் கீழ் வீடு வாங்கத்தானே விற்கிறீர்கள்? பிறகு எதற்குக் கட்டுக் கட்டாக நோட்டை வைத்துக்கொண்டு தூக்கம் கெட வேண்டும்? உங்கள் கணக்கு உங்கள் ஆடிட்டருக்குத்தான் முழுசாகத் தெரியும், அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் அவரை ஒருதரம் பாருங்கள்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குகிறவர் 1 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார். பான் கார்டு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். இல்லை என்றால் பிடிப்பது 1 சதவீதம் அல்ல, 20!

சாவி கொடுக்கும் முன்...

பதிவு முடிந்தது. பணம் முழுசாகக் கணக்கில் ஏறியது. சாவியோடு ஒரு பேப்பரும் கொடுங்கள். எந்த வால்வை மூடினால் எந்தக் குழாய் நிற்கும், மோட்டார் போடுகிற நேரம், பிளம்பர் நம்பர், குப்பை வண்டி வரும் நேரம். சொத்து வரி, கரன்ட் கனெக்‌ஷன் பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்து கேட்டால் அலைய விடாமல் போடுங்கள். உங்களுக்கும் நல்லது, அவர் கட்டாத பில் உங்கள் பெயரில் வராது.

கடைசியாக ஒன்று. பெயின்டர் வருவதற்கு முந்தின நாள் வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பழைய டெலிபோன் இருந்த மூலையில், சுவரில், அப்பா பென்சிலால் எழுதி வைத்த நம்பர்கள் இருக்கும். கேஸ் கம்பெனி, டாக்டர், ஊரில் இருக்கும் அத்தை வீடு. வாங்க வருகிறவருக்கு அது அழுக்கு. நாளைக்கு அதன் மேல் இரண்டு கோட்டிங் விழும், விழத்தான் வேண்டும்.

ஒரு போட்டோ எடுத்துத் தங்கைக்கும் அனுப்பிவிட்டு, பெயின்டரை வரச் சொல்லுங்கள்.